கரும்பலகையில் எழுதியும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லையே?

கேள்வி: ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். தினமும் கற்றல் விளைவை, அதாவது பாட முடிவில் பிள்ளைகள் எட்ட வேண்டிய இலக்கை, கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன். ஆனால் பாடவேளை முடிந்ததும் “இன்னிக்கு என்ன கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டால், “பின்னம் டீச்சர்” என்பதோடு சரி. என்ன செய்வது?

பதில்: கரும்பலகையில் என்ன எழுதுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். “வேற்றினப் பின்னங்களின் கூட்டலைப் புரிந்துகொள்ளுதல்” என்பது போல இருந்தால், அது பாடக்குறிப்புக்கான வாசகம். பள்ளிக் கல்விக்கான மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2017-இல் வெளியிட்ட கற்றல் விளைவுகளும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் மனதில் வைத்து எழுதப்பட்டவைதான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே கொடுத்தால், தேதிக்குக் கீழே இன்னொரு வரி என்று எழுதிக்கொண்டு போய்விடும்.

“புரிந்துகொள்ளுதல்” என்ற சொல்லை எடுத்துவிட்டு, பிள்ளை கையால் செய்து காட்டக்கூடிய ஒன்றை வையுங்கள்: “பகுதி வேறு வேறாக உள்ள இரண்டு பின்னங்களைக் கூட்டுவேன், விடை சரிதானா என்று படம் வரைந்து பார்ப்பேன்.”

இதையும் வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது. நான் நம்புவது இந்த வேலையைத்தான்: 1/2 + 1/3 என்ற கணக்குக்கு இரண்டு விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று 2/5, மற்றது 5/6. எது சரி என்று சொல்லாதீர்கள். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிய 2/5 பக்கம்தான் பாதி வகுப்பு சாயும். அப்புறம் ஒரு சப்பாத்தியை வரையச் சொல்லுங்கள். அரைச் சப்பாத்தியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு, அது அரையைவிடக் குறையுமா? 2/5 என்பது அரையைவிடச் சிறியது என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கத்துவார். ‘சரியான விடை’ எப்படி இருக்க வேண்டும் என்பது அந்த இடத்தில்தான் வகுப்புக்குப் பிடிபடும். இலக்கை அதற்குப் பிறகு எழுதினாலும் குற்றமில்லை. மணி அடித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்குக் கிடையாது. சில பாடங்களில் அது புதிரின் விடையை முன்கூட்டியே சொன்னதாகிவிடும்.

ஒரு பாடவேளைக்கு ஓர் இலக்கு போதும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், “புரிஞ்சுது டீச்சர்” என்றுதான் பதில் வரும். துண்டுச் சீட்டில் 1/4 + 1/3 போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். 2/7 என்று எழுதிய சீட்டுகள் அதிகம் இருந்தால், மறுநாளும் அதே இலக்குதான்.