வலி மாத்திரைக்கு அடிமையான பதினாறு வயதுச் சிறுவனை நாவலில் நம்பும்படி எழுதுவது எப்படி?

கிருஷ்ணகிரியைக் களமாகக் கொண்ட உங்கள் நாவலில், சிறுவன் முதல் மாத்திரையை ஒரு போதைக் கும்பலிடம் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றலாம் என்பது என் கருத்து. மாங்கூழ் ஆலையில் மூட்டை சுமந்து முதுகு ஒடிந்த தந்தைக்கு மருத்துவர் எழுதித் தந்து, பாதி மீந்து, சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கும் அட்டையிலிருந்து அவன் எடுப்பதே இயல்பானது. மருத்துவர் தந்தது என்பதாலேயே அதை ஆபத்தற்றது என்று அவன் நம்புவான்.

அந்த வலி மாத்திரை டிரமடால் என்று வைத்துக்கொள்வோம். அது ஓபியாய்டு வகை மருந்து; அதாவது, அபினைப் போல உடலில் செயல்படுவது. 2018இல் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. எனவே, கதை அதற்குப் பிந்தைய காலத்தில் நடந்தால், சீட்டில்லாமல் அதைத் தரும் கடைக்காரருக்கு இருக்கும் அச்சத்தையும் நீங்கள் எழுத வேண்டும்.

மாத்திரை கிடைக்காத நாள்களை எழுதும்போது பெரும்பாலான கதைகள் அலறலையும் மாயக் காட்சிகளையும் நாடுகின்றன. ஓபியாய்டு விலகல், அதாவது மருந்து நின்றதும் உடல் படும் பாடு, பெரும்பாலும் கடும் காய்ச்சலைப் போலத்தான் தொடங்கும்: ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. தாய் அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கும் காட்சி, எந்த அலறலையும்விட வாசகரை உலுக்கும்.

அறையில் பூட்டிவைத்து மூன்றே நாளில் குணப்படுத்தும் அத்தியாயத்தைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அவன் தூக்க மாத்திரைகளையும் உட்கொள்பவன் என்பதால், அவற்றைத் திடீரென நிறுத்துவது வலிப்பையே வரவழைக்கக்கூடும். அதற்குப் பதிலாகத் தாய் அவனைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துச் செல்லட்டும்.