பழைய கொம்பியூட்டரில் டிஸ்க் இடம் பிழையாகக் காட்டினால்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மிசின்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கல்லடி, அச்சகம்: அண்ணே, லினக்ஸ் சேர்வரில் 500 ஜிபி டிஸ்க் போட்டு சம்பா (லினக்ஸ் போல்டரை விண்டோஸ் மிசின்களுக்குக் காட்டும் மென்பொருள்) மூலம் பகிர்ந்திருக்கிறோம். விண்டோஸ் 95 மிசின் அதை வெறும் 2 ஜிபி என்கிறது. மிச்சம் எங்கே?

எங்கேயும் போகவில்லை தம்பி. 95இன் முதல் பதிப்பில், டிஸ்க்கில் பைல்களை அடுக்கும் பழைய முறையான ஃபாட்16இல் ஒரு பகுதி 2 ஜிபியைத் தாண்டாது. அதனால் மீதி இடத்தைக் கேட்டறியும் வழியும் 2 ஜிபியோடு நின்றுவிடும். சேர்வரில் இடம் இருக்கும்வரை பைல் சேமிக்கலாம். உண்மைக் கணக்கை சேர்வரிலேயே பாருங்க. அங்கே 465 என்று வந்தால் பயப்படாதீங்க. விற்பவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், கொம்பியூட்டர் 1024ஆல் எண்ணுகிறது.

கல்முனை, கடை: சேர், சேர்வர் டிஸ்க்கில் சேமிக்கும் எங்கள் பழைய கணக்கு மென்பொருள் நேற்று "இடம் போதாது" என்று அடம்பிடித்தது. இன்று ஒன்றையும் அழிக்காமலே ஓடுகிறது. இதென்ன கூத்து?

அது மீதி இடத்தை 32 பிட் எண்ணில் வைத்திருக்கிறது போல. அந்த எண் 4 ஜிபியைத் தொட்டதும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். 9 ஜிபி மீதி இருந்தால் அதன் கண்ணுக்கு 1 ஜிபி. எட்டும் கொஞ்சமும் இருந்தால் அந்தக் கொஞ்சம் மட்டும்தான். நேற்று மீதி அப்படி ஓரிடத்தில் நின்றிருக்கும். அப்புறம் யாரோ எதையோ சேமிக்க, எட்டுக்குக் கீழே இறங்கி, மென்பொருளுக்குக் கிட்டத்தட்ட 4 ஜிபி தெரிந்திருக்கும். இடம் குறைந்ததால் வேலை செய்கிறது! சில மென்பொருள்கள் 2 ஜிபி தாண்டினாலே கழித்தல் குறியோடு வாசிக்கும், அது இன்னும் மோசம்.

முள்ளை முள்ளால் எடுப்போம். சேர்வர் லினக்ஸ் என்றால், சம்பா அமைப்பில் எல்லாப் பகிர்வுக்கும் பொதுவான 'குளோபல்' பகுதியின் கீழ் 'மெக்ஸ் டிஸ்க் சைஸ்' என்பதற்கு 1000 கொடுங்க. அலகு எம்பி. டிஸ்க்கே அவ்வளவுதான் என்று மென்பொருளுக்குச் சொல்லப்படும். சேமிப்பதை அது தடுக்காது. சேர்வர் விண்டோஸ் என்றால் 2, 3 ஜிபியில் ஒரு வெற்றுப் பைலை வைத்து மீதியை நகர்த்தலாம். ஒட்டுவேலைதான், ஆனால் பலிக்கும்.

களுவாஞ்சிக்குடி, ரியூசன் நிலையம்: கரண்ட் போய் வந்த பிறகு விண்டோஸ் 98 மிசினில் மீதி இடம் மாறிக் காட்டுகிறது.

ஃபாட்16க்குப் பின் வந்த ஃபாட்32 முறை, மீதியை டிஸ்க்கின் ஒரு மூலையில் குறித்து வைத்து அதையே சொல்லும். திடீரென நின்றால் அந்தக் குறிப்பு பழசாகிவிடும். விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதிப்பான் ஸ்கான்டிஸ்க்கை ஓட்டுங்க, சரியாகும்.

அக்கரைப்பற்று: லினக்ஸில் பகிர்ந்த போல்டருக்குள் இரண்டாவது டிஸ்க்கை இணைத்தேன். ஆனால் முதல் டிஸ்க்கின் மீதிதான் தெரிகிறது.

பகிர்வின் தலைப் போல்டர் எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அதன் கணக்கைத்தான் பழைய மிசின் கேட்கும். இரண்டாவதைத் தனிப் பகிர்வாக்கி, வேறு டிரைவ் எழுத்தில் இணைத்துவிடுங்க.