கட்டாரில் ஏசி பூட்டியவர் நோர்வேயில் ஹீட் பம்ப் பூட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: கட்டாரில் பல வருடம் ஸ்பிளிட் ஏசி பூட்டிய ஆள் நீங்கள், இப்போது நோர்வேயில் பழைய மரவீடு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், குளிருக்கு ஹீட் பம்ப் ஒன்றை, அதாவது ஏசியைத் திருப்பி ஓட்டி வீட்டைச் சூடாக்கும் மெஷினை, இணையத்தில் எடுத்து நீங்களே பூட்டினால் என்ன, அதே பெட்டிதானே என்று. பாதி வேலையைத் தாராளமாக நீங்களே செய்யுங்கள். கரண்டையும் குழாய்க்குள் ஓடும் காஸையும் மட்டும் தொடாதீர்கள். உங்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கைக்குப் பழகிய சில விஷயங்கள் இங்கே தலைகீழ்.

முதலில் கரண்ட். நீங்கள் பழகியது ஒரு லைவ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். இங்கே பழைய வீடுகளில் பெரும்பாலும் ஐடி என்கிற 230 வோல்ட் முறைதான். அதில் நியூட்ரலே வீட்டுக்கு வராது, வருகிற இரண்டு வயரும் பேஸ், அதாவது இரண்டும் லைவ். ஒவ்வொன்றுக்கும் நிலத்துக்கும் இடையே ஏறத்தாழ 130 வோல்ட் இருக்கும். ஒரு வயரை மட்டும் துண்டித்துவிட்டு, இனிப் பயமில்லை என்று மற்றதைப் பிடித்தால் அடிதான். அதனால்தான் இங்கே பிரேக்கர் இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும். பழைய திருகு பியூஸ் உள்ள சிக்ரிங்ஸ்காப் (பியூஸ் பெட்டி) என்றால் ஒரு லைனுக்கு இரண்டு பியூஸ் இருக்கும், இரண்டையும் கழற்ற வேண்டும். புதிய குடியிருப்புகளில் 400 வோல்ட் டிஎன் முறை, அங்கே நியூட்ரல் உண்டு. உங்கள் வீடு எந்த வகை என்று தெரியாமல் மூடியைத் திறப்பதே தவறு.

ஐடி முறையில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஒரு பேஸ் வயர் எங்காவது உரசி எர்த்தோடு தொட்டாலும் பியூஸ் எரியாது, ஏனென்றால் அந்த முதல் பழுதில் பாயும் கரண்ட் மிகக் குறைவு. வீட்டில் எல்லாம் வழமைபோல வேலை செய்யும், யாருக்கும் எதுவும் தெரியாது. வெளியே ஈரப் பனியில் நிற்கும் ஒரு தகரப் பெட்டியை இப்படி ஒரு இணைப்பில் மாட்டப் போகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள், அப்போது எர்த் வயரும், கரண்ட் கசிந்தால் தானே வெட்டும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சும் எவ்வளவு முக்கியம் என்பது தானே விளங்கும். எந்த வகை ட்ரிப் சுவிட்ச் என்பதும் முக்கியம். இன்வெர்ட்டர் உள்ள மெஷினுக்கு எது பொருந்தும் என்று அதன் கையேட்டில் போட்டிருப்பார்கள், பூட்டுபவர் அதைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

பம்புக்குத் தனி லைன் இழுத்துக்கொள்வது நல்லது. பழைய வீடுகளில் ஒரே 10 அம்பியர் லைனில் வரவேற்பறை விளக்கு, டிவி, சுவர் ஹீட்டர் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும், அதிலேயே இதையும் கொழுவினால் ஜனவரியில் ஏதாவது ஒரு இணைப்பு சூடாகத் தொடங்கும். இறுக்காமல் விட்ட ஒரு திருகு போதும், சுற்றிவர இருப்பது மரம். எக்ஸ்டென்ஷன் வயரில் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கூடவே கூடாது.

இனிச் சட்டம். நோர்வேயில் வீட்டின் நிரந்தர வயரிங்கைச் செய்ய, டிஎஸ்பி என்கிற அரச பாதுகாப்பு இயக்ககத்தின் பதிவேட்டில் இருக்கும் நிறுவனங்களுக்குத்தான் அனுமதி. பல்ப் மாற்றலாம், வயரில் பிளக் பூட்டலாம், அந்த அளவுதான் சாதாரண ஆளுக்கு. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில் ஓடும் அந்தக் கேபிளையும் வெறும் இணைப்பு வயர் என்று நினைத்துவிடாதீர்கள், அதையும் அவர்களிடமே விடுங்கள். வேலை முடிந்ததும் சாம்ஸ்வார்ஸ்அர்க்லேரிங் என்று ஒரு பத்திரம் தருவார்கள், விதிப்படி செய்தோம் என்று கையெழுத்திட்ட உறுதி அது. அதைக் காணிப் பத்திரம் மாதிரிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போது கேட்பார்கள், மின்சார வலையமைப்பு நிறுவனத்தின் சோதனையாளர் வந்தாலும் கேட்பார், தீ ஏதும் பிடித்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பதே அதைத்தான். பத்திரம் இல்லாவிட்டால் இழப்பீட்டைக் குறைக்க அவர்களுக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

காஸ் விஷயமும் இப்படித்தான். எஃப்-காஸ் சான்றிதழ், அதாவது இந்தக் குளிரூட்டும் காஸைக் கையாளும் தகுதி, உள்ள ஆள்தான் குழாயை இணைக்க வேண்டும். இப்போது வரும் மெஷின்களில் பெரும்பாலும் ஆர்32, அது மெல்ல எரியக்கூடியது, காற்றில் கலந்தால் கரியமில வாயுவைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கும் என்று கணக்கு. சிலவற்றில் புரோப்பேன் வருகிறது, அது நன்றாகவே எரியும். வால்வைக் கொஞ்சம் திறந்து காஸாலேயே காற்றைத் தள்ளிவிடும் அவசர வேலையை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். இங்கே அது குற்றம், அதைவிட மெஷினுக்கே நஞ்சு: குழாயில் ஈரம் தங்கினால் உள்ளே இருக்கும் எண்ணெய் கெட்டு கம்ப்ரசர் போய்விடும். நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவு பார்த்து, வாக்குவம் பம்ப் போட்டு நேரம் எடுத்து உறிஞ்சி, குழாய் முனையின் ஃபிளேர் நட்டை, அளவாக இறுக்க உதவும் டார்க் ரென்சால் இறுக்குகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உங்களுக்குத்தான் தொழில் தெரியுமே, உங்களை ஏமாற்ற முடியாது.

சரி, உங்களுக்கு என்ன மிச்சம்? இடம். என்னைக் கேட்டால் வேலையில் பாதி அதுதான், இங்கே பூட்டுகிறவர்களிலேயே பலர் அதில் கவனம் வைப்பதில்லை.

கட்டாரில் ஏசி குளிராக்கும்போது தண்ணீர் உள்பெட்டியில்தான் சொட்டும், வெளிப்பெட்டி சூடாகக் காய்ந்துகொண்டு நிற்கும். இங்கே வீட்டைச் சூடாக்கும்போது வெளிப்பெட்டிதான் குளிர்கிறது, அதன் தகட்டில் உறைபனி பிடிக்கும். பூச்சியத்தை ஒட்டிய ஈரமான நாட்களில்தான் இது மோசம், கடுங்குளிரில் காற்று வறண்டிருப்பதால் குறைவு. மெஷின் இடையிடையே சுற்றைத் திருப்பி அந்தப் பனியை உருக்கும், அப்போது வாளிக்கணக்கில் தண்ணீர் வந்து கீழே விழுந்து மறுபடி உறையும். அதனால் வாசலுக்கோ நடைபாதைக்கோ மேலே பூட்டக் கூடாது, ஆட்கள் வழுக்கி விழுவார்கள். அடியில் உள்ள ஓட்டைக்குக் குழாய் பூட்டித் தண்ணீரைத் திருப்பலாம் என்று தோன்றும், குளிரில் அந்தக் குழாயே உறைந்து அடைத்து, பனிக்கட்டி மேலெழும்பி விசிறியில் இடிக்கும். நேரே கீழே கருங்கல் சல்லி போட்ட குழியில் விழ விடுங்கள். அடித்தட்டில் வெப்பக் கம்பி உள்ள, வட ஐரோப்பியக் குளிருக்கென்றே செய்த மொடலாகப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைப்பது பல வேளை தெற்கு ஐரோப்பாவுக்குச் செய்ததாக இருக்கும், படத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

உங்கள் பகுதியில் பனி எவ்வளவு உயரம் குவியும் என்று அயலவரிடம் கேளுங்கள், அதற்கு மேலே பெட்டி நிற்க வேண்டும். கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து விழும் பக்கம் வேண்டாம். மரச் சுவரில் பிராக்கெட் அடித்தால் அதிர்வு படுக்கையறைக்குள் முனகும், முடிந்தால் நிலத்தில் ஸ்டாண்ட் போட்டு ரப்பர் வைத்து நிறுத்துங்கள். அழகுக்காக மரப்பெட்டி கட்டி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள், விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு மெஷின் மூச்சுத் திணறும். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து விசிறியைத் திருப்பாதீர்கள், இங்கே சத்தத்துக்காக உறவு முறிவது சாதாரணம். கூட்டுறவுக் குடியிருப்பு என்றால் நிர்வாகக் குழுவின் அனுமதி எழுத்தில் வேண்டும், உங்களுடையது தனிவீடு என்பதால் அந்தத் தலையிடி இல்லை.

சுவர்த் துளை வெளிப்பக்கம் சற்றுச் சரிய வேண்டும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஈரத்தடுப்புத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே விட்டால் சில வருடங்களில் சுவர் உளுக்கும், நன்றாக அடைத்து டேப் ஒட்டுங்கள். எலியும் அந்த வழியாகத்தான் வரும்.

அப்புறம் இன்னொன்று. பனி பிடித்துவிட்டது, சத்தம் வருகிறது என்று வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்ற நினைக்காதீர்கள். சுவிட்சை நிறுத்தின பிறகும் இன்வெர்ட்டர் கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி கொஞ்ச நேரம் நிற்கும்.

உங்கள் அனுபவம் வீணாகப் போகாது. வெளிநாட்டு மின்தொழில் தகுதியை அங்கீகரிப்பதும் அதே டிஎஸ்பிதான், சான்றிதழ்களை மொழிபெயர்த்து விண்ணப்பிக்கலாம். அதுவரைக்கும் இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். சிக்ரிங்ஸ்காப் கதவைத் திறந்து, திருகு எதையும் கழற்றாமல், ஒரு படம் எடுத்து அனுப்பினால் லைன் இழுக்க எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடுவார்கள். ஸ்டாண்டும் சல்லிக்குழியும் நானே செய்து வைக்கிறேன், எவ்வளவு குறைப்பீர்கள் என்றும் கேளுங்கள், சிலர் குறைப்பார்கள்.