ரெசிடென்சி நேர்காணல்: ஜூமிலா, நேரிலா?

கேள்வி: அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது டாக்டர் படிப்பு முடிந்தபின் ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே பெறும் மேற்பயிற்சிக்கு, விண்ணப்பித்திருக்கிறேன். ஒரு புரோகிராம் (பயிற்சி தரும் ஆஸ்பத்திரி) மட்டும் 'நேரிலும் வரலாம், ஜூமிலும் பேசலாம்' என்கிறது. விசா எடுத்துப் போகவா? (திருநெல்வேலி)

பதில்: அதற்காக மட்டும் போக வேண்டாம். 2020 கொரோனா வரை எல்லாரும் ஊர் ஊராக விமானம் ஏறித்தான் நேர்காணலுக்குப் போனார்கள். விசா, டிக்கெட், ஹோட்டல், குளிருக்குக் கோட்டு என்று நம் வீடுகளில் கடன் வாங்கிச் செய்த செலவு அது. இப்போது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே இணையவழியைத்தான் பரிந்துரைக்கிறது. ஒரே புரோகிராம் சிலரை நேரிலும் சிலரைத் திரையிலும் பார்ப்பது நியாயமாகாது என்றும் சொல்கிறது. அப்சர்வர்ஷிப்புக்காக (அங்கே டாக்டர்கள் வேலை செய்வதைக் கூட இருந்து பார்த்துப் பழகுவது) நீங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தால் தாராளமாக நேரில் போங்கள்.

கேள்வி: நியூயார்க்கில் காலை 8 மணி என்றால் நமக்கு எத்தனை மணி? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டு விடையுமே சரியாக இருக்கலாம்! அக்டோபரில் அது நமக்கு மாலை 5.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதன் பிறகு 6.30. கலிபோர்னியா என்றால் இரவு 8.30, பிறகு 9.30. நேர்காணல் காலம் இந்த மாற்றத்துக்கு நடுவில்தான் வருகிறது, அதனால் தேதியோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கரண்ட் போனாலும் பேச்சு நிற்காதபடி போன் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே இணைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரியையே பார்க்காமல் மூன்று வருடம் இருக்கப்போகும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? (மதுரை)

பதில்: ஜூமில் நாம் உண்மையாகவே இழப்பது இதைத்தான். முன்பெல்லாம் முந்தின நாள் இரவு ரெசிடென்ட்களோடு (அங்கே பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள்) சாப்பாடு இருக்கும், மறுநாள் வார்டைச் சுற்றிக் காட்டுவார்கள். யார் களைத்திருக்கிறார்கள், யார் யாரிடம் பயப்படுகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இப்போது அதற்கு ஈடாக இருப்பது ரெசிடென்ட்கள் மட்டும் பேசும் இணையச் சந்திப்பு. அதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். 'வாரம் 80 மணி நேர வேலை வரம்பைக் காக்கிறீர்களா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். 'போன வாரம் வார்டிலிருந்து எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்?' என்று கேளுங்கள். ஜே-1 விசாவில் (வெளிநாட்டு டாக்டர்கள் பயிற்சிக்காகப் பெறும் விசா) இப்போது இருப்பவர் யாரிடமாவது தனியாகப் பேச முடியுமா என்றும் கேளுங்கள். அப்புறம், சீனியர் பேசும்போது இன்டர்ன்கள் (முதல் வருட ரெசிடென்ட்கள்) முகத்தைக் கவனியுங்கள். திரையிலும் அது தெரியும்.

கேள்வி: நேர்காணல் முடிந்தபின் 'செகண்ட் லுக்' (இன்னொரு முறை நேரில் வந்து இடத்தைப் பார்ப்பது) வரச் சொல்கிறார்கள். போகாவிட்டால் பாதிக்குமா?

பதில்: மேட்ச் (விண்ணப்பிப்பவர்களையும் புரோகிராம்களையும் கணினி வழியே இணைக்கும் முறை) விதிப்படி அதை யாரும் கட்டாயமாக்க முடியாது. உங்கள் ரேங்க் லிஸ்ட்டில் (விருப்ப வரிசைப் பட்டியல்) 'எங்களை எங்கே வைப்பீர்கள்' என்று சொல்லச் சொல்லியும் வற்புறுத்த முடியாது. மேட்ச் கணக்கீடு விண்ணப்பிப்பவரின் விருப்ப வரிசையிலிருந்துதான் தொடங்குகிறது. எந்த இடம் உங்களை எடுக்கும் என்று ஊகிக்காமல், மனதுக்குப் பிடித்ததை முதலில் போடுங்கள்.