உங்க குடும்பத்துல யாருக்காவது அரிதான மரபணு குறைபாடு இருக்கா? அது எப்படி தெரிய வந்துச்சு?

இருக்குங்க, எங்க அக்காவுக்கு. சூடோகோலினெஸ்டரேஸ்னு ரத்தத்துல இருக்க வேண்டிய ஒரு என்ஸைம் இல்லாத குறைபாடு. 29 வயசு வரைக்கும் யாருக்கும் தெரியாது, தெரியவும் வழியில்ல, ஏன்னா இது இருக்கறவங்களுக்கு ஒரு வலியோ காய்ச்சலோ எதுவும் வராது. நம்மள மாதிரியே சாப்பிட்டு தூங்கி சண்டை போட்டு நல்லா இருப்பாங்க. சில மருந்துங்க உடம்புக்குள்ள போனா மட்டும்தான் விஷயம் வெளிய வரும்.

ஆறு வருஷம் முன்னாடி, கோயமுத்தூர். அக்காவுக்கு தலைப்பிரசவம். பனிக்குடம் உடைஞ்சு பாத்தா தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னாடி இறங்கிருச்சு, முதுகுல ஊசி போட்டு மரத்துப்போகற வரைக்கும் காத்திருக்க நேரமில்லன்னு முழு மயக்கம் குடுத்து சிசேரியன் பண்ணிட்டாங்க. பத்து நிமிஷத்துல குழந்தை அழற சத்தம் வெளிய கேட்டுச்சு, அப்பா ஸ்வீட் வாங்க ஆளே அனுப்பிட்டாரு. அப்புறம் அரை மணி நேரம் ஆச்சு, ஒரு மணி நேரம் ஆச்சு, அக்காவ வெளிய கொண்டு வரவே இல்ல, நர்ஸ்கிட்ட கேட்டா மூஞ்சிய பாக்காம போறாங்க.

மயக்க டாக்டர் வந்தாரு. வந்து அப்பாகிட்ட கேட்ட முதல் கேள்வி, "நீங்க செட்டியாரா?"

அப்பாவுக்கு வந்துச்சே கோவம். பொண்ணு உள்ள கிடக்கறா, இந்த நேரத்துல ஜாதியா கேக்கறீங்கன்னு கத்திட்டாரு. டாக்டர் திருப்பி சத்தம் போடல, "சார், உங்க பொண்ணுக்காகத்தான் கேக்கறேன், வைசியரா, வீட்ல தெலுங்கு பேசுவீங்களா, அத மட்டும் சொல்லுங்க"ன்னாரு. நாங்க ஆமான்னு சொல்றதுக்குள்ள பெஞ்சுல உக்காந்திருந்த அம்மம்மா பதில் சொல்லிட்டாங்க, "மனவாள்ளகி மத்து சூதி படது". நம்ம ஆளுங்களுக்கு மயக்க ஊசி ஒத்துக்காதுன்னு அர்த்தம். அவங்க தம்பி ஒருத்தர் அந்தக் காலத்துல ஹெர்னியா ஆபரேஷனுக்கு உள்ள போனவரு உயிரோட வரலயாம். அது இதனாலதானான்னு இன்னிக்கு யாரும் சொல்ல முடியாது. ஆனா அம்மம்மா இத நூறு தடவ சொல்லி நாங்க நூறு தடவையும் சிரிச்சிருக்கோம், அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

டாக்டர் முகத்துல அப்பதான் கொஞ்சம் தெளிவு வந்துச்சு. "பயப்படாதீங்க, மருந்து இறங்க லேட்டாகும், அது வரைக்கும் மெஷின் மூச்சு விடும், நாங்க கூடவே இருப்போம்"னாரு. மொத்தம் ஏழு மணி நேரம். மொதல்ல கண் இமை லேசா அசைஞ்சுதாம், அப்புறம் விரல், அப்புறம் மூச்சு.

விஷயம் என்னன்னா, முழு மயக்கம் குடுக்கும்போது தொண்டைக்குள்ள டியூப் விடறதுக்கு தசை எல்லாம் தளரணும், அதுக்கு சக்ஸாமெத்தோனியம்னு ஒரு மருந்து, டாக்டர்ங்க பேச்சுல ஸ்கோலின். ஒரு நிமிஷத்துக்குள்ள வேலை செய்யும், அஞ்சு பத்து நிமிஷத்துல தானா போயிடும், அதனாலதான் வயித்துல சாப்பாடு இருக்கற அவசர கேஸுக்கெல்லாம் 1950கள்ல வந்த இந்த மருந்த இன்னும் விடாம வச்சிருக்காங்க. ஆனா அது தானா எல்லாம் போறது இல்ல. கல்லீரல் தயாரிச்சு ரத்தத்துல விடற சூடோகோலினெஸ்டரேஸ்ங்கற என்ஸைம்தான் அத வெட்டிப் போடுது, சொல்லப்போனா போட்ட மருந்துல பெரும்பகுதி தசைக்குப் போய் சேர்றதுக்குள்ளயே காலி ஆயிடும். அந்த என்ஸைம் இல்லாதவங்களுக்கு போட்டது அப்படியே நிக்கும், உடம்பு மொத்தமும் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும், மூச்சு விடற தசையும் சேர்த்துதான். மெஷின்ல வச்சு பொறுமையா காத்திருந்தா முழுசா சரியாகிடும், வேற பெரிய வைத்தியமே கிடையாது. யாரும் கவனிக்காம டியூப்ப எடுத்துட்டா தான் உயிருக்கு ஆபத்து.

இன்னொரு கொடுமை, அது மயக்க மருந்து இல்ல, தசைய மட்டும்தான் நிறுத்தும். தூங்க வைக்கற மருந்த ஆபரேஷன் முடிஞ்சுதுன்னு நிறுத்திட்டாங்க, ஸ்கோலின் மட்டும் இறங்கல. அக்காவுக்கு நினைவு வந்துருச்சு, குழந்தை வெயிட் ரெண்டு எழுநூறுன்னு யாரோ சொன்னது காதுல விழுந்துச்சாம், கண்ண திறக்க முடியல, விரல அசைக்க முடியல, செத்துட்டேன்னே நெனச்சேன்டான்னு சொன்னா. நல்லவேளை டாக்டர் புரிஞ்சுக்கிட்டு திரும்பவும் தூக்க மருந்து போட்டுட்டாரு. அந்தக் கொஞ்ச நேரத்த பத்தி அவ ஒரே ஒரு தடவதான் பேசியிருக்கா.

டிஸ்சார்ஜ் சம்மரில என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? "டிலேய்ட் ரெக்கவரி". அவ்ளோதான், ரெண்டு வார்த்தை. நாளைக்கு வேற ஊர்ல ஆக்சிடென்ட்டாகி எங்கயாவது அட்மிட் ஆனா அந்த ரெண்டு வார்த்தைய வச்சு எந்த டாக்டர் என்ன பண்ணுவாரு? எனக்கு இன்னும் ஆறாத கோவம் இது. வெளிய இருந்து வந்த அந்த மயக்க டாக்டர் மட்டும் தன்னோட சீட்டுல கையால ஸ்கோலின் குடுக்கக்கூடாதுன்னு பெருசா எழுதிக் குடுத்து, வீட்ல எல்லாரும் ரத்த டெஸ்ட் எடுங்கன்னு சொன்னாரு. ஜாதி கேட்டாருன்னு கத்தின எங்கப்பா இன்னிக்கும் தீபாவளிக்கு அவருக்கு ஃபோன் பண்ணுவாரு.

ஏன் ஜாதிய கேட்டாருன்னா, நாங்க ஆரிய வைசியர், ஊர் பேச்சுல கோமுட்டி செட்டியார். இந்த என்ஸைம் சுத்தமா இல்லாம பொறக்கறது ஐரோப்பியர்ல ஒரு லட்சத்துல ஒருத்தர். எங்க கோயமுத்தூர் வைசியர்கள்ல சோதிச்சுப் பாத்தப்போ 24 பேர்ல ஒருத்தர்! 2006-ல வந்த ஆராய்ச்சி அது. மரபணு மாற்றத்தால அந்த என்ஸைமோட 307-ஆவது இடத்துல லூசின்ங்கற அமினோ அமிலத்துக்கு பதிலா புரோலின் வந்திருக்கு. அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த மாறின மரபணு காப்பி வந்தா என்ஸைம் கிட்டத்தட்ட பூஜ்யம், ஒருத்தர்கிட்ட இருந்து வந்தா பாதி, பாதி இருந்தா பெரும்பாலும் தொந்தரவு இல்ல. அந்த 24-ல ஒண்ணுங்கறத வச்சு நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க, சுமாரா மூணுல ஒருத்தர் அந்த ஒரு காப்பிய வச்சுக்கிட்டு சுத்தறோம்னு வரும். எங்க கன்யகா பரமேஸ்வரி கோயில் பந்தியில ஒரு வரிசைல எத்தன பேர்னு யோசிச்சா தலை சுத்துது. உலகத்துக்கு அபூர்வம், எங்க தெருவுக்கு இல்ல.

இத சொன்னதும் எல்லாரும் "அதான் சொந்தத்துல கட்டாதீங்கன்னு சொல்றது"ன்னு ஆரம்பிப்பாங்க. அக்கா கட்டினது தாய்மாமன் பையனத்தான், எங்கள்ல மாமன் அத்தை பிள்ளைங்களுக்குள்ள கட்டறத மேனரிகம்னு சொல்வோம், அதுக்கு தனி மரியாதையே உண்டு, 102 கோத்திரத்துல ஒரே கோத்திரம் மட்டும் ஆகாது. ஆனா மாமன் பையன விட்டுட்டு முன்ன பின்ன தெரியாத குண்டூர் வைசியருக்கு குடுத்திருந்தாலும் இதுல வித்தியாசம் பெருசா இருந்திருக்காது, மூணுல ஒருத்தர் கேரியர்னா அவரும் கேரியரா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கே. ஆரம்பத்துல இருந்த கொஞ்சம் பேர்ல யாரோ ஒருத்தர்கிட்ட இருந்த மாற்றம், ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல வெளிய பொண்ணு குடுக்காம எடுக்காம உள்ளுக்குள்ளயே சுத்தி இப்படி பெருகி நிக்குது. எங்களுக்கு மட்டும் இல்ல, 2017-ல ஹைதராபாத் சிசிஎம்பி ஆராய்ச்சி நிலையத்து தங்கராஜும் ஹார்வர்ட் பல்கலைக்கழக டேவிட் ரெய்கும் சேர்ந்து தெற்காசியால 260-க்கு மேல குழுக்கள பாத்தாங்க, அதுல 81 குழுவுல இந்த மாதிரி உள்வட்டம், இதுக்கு பேர் போன ஃபின்லாந்துக்காரங்கள விட, அஷ்கெனாசி யூதர்கள விட இறுக்கமா இருந்துச்சு. அதனால படிக்கற நீங்க எங்க ஆளுங்க இல்லங்கறதுக்காக சிரிக்காதீங்க, உங்க ஜாதில வேற ஏதாவது இருக்கும், பேர் தெரியாம.

டெஸ்ட் கதை ஒரு தனி காமெடி. சீரம் கோலினெஸ்டரேஸ்னு சாதாரண டெஸ்ட்தான், ஆனா நம்ம ஊர்ல அத பூச்சி மருந்து குடிச்சவங்களுக்குத்தான் எடுப்பாங்க, அந்த விஷமும் இதே என்ஸைமத்தான் முடக்கும். நாங்க அப்பா, அம்மா, அக்கா, நான் நாலு பேரும் ஒண்ணா போய் சீட்ட நீட்டினா லேப் பையன் எங்கள ஏற இறங்க பாத்துட்டு மெதுவா, "சார்... நாலு பேரும் எப்ப குடிச்சீங்க?"ன்னான். ரிப்போர்ட்ல நார்மல் 5000-க்கு மேல. அப்பா, அம்மா, நான் மூணு பேரும் மூவாயிரத்து சொச்சம். அக்கா 160.

அடிக்கடி கேக்கறாங்க, பல்லு புடுங்க ஊசி போடலாமான்னு. அது லிக்னோகெய்ன், வேற வகை, அதுக்கும் இந்த என்ஸைமுக்கும் சம்பந்தம் இல்ல. ஆபரேஷனே பண்ணக்கூடாதுன்னும் இல்ல, ஸ்கோலினும், இதே என்ஸைம் வெட்டற மிவாகுரியம்ங்கற இன்னொரு தசை தளர்த்தற மருந்தும் தவிர்த்து ரோகுரோனியம் மாதிரி வேற மருந்து குடுப்பாங்க, அக்காவுக்கே ரெண்டு வருஷம் முன்னாடி பித்தப்பை கல் எடுத்தப்போ அப்படித்தான், அரை மணி நேரத்துல எழுந்து காபி கேட்டா.

பாவாவுக்கும், அதாவது அக்கா வீட்டுக்காரருக்கும், டெஸ்ட்ல பாதிதான் வந்துச்சு, அதனால பாப்பாவுக்கு ஒண்ணு பாதி, இல்லன்னா பூஜ்யம், காசு சுண்டற மாதிரி. பொறந்த புதுசுல எல்லா குழந்தைக்குமே இது கம்மியா இருக்கும், கொஞ்சம் வளரட்டும்னு டாக்டர் சொன்னாரு, அத சாக்கா வச்சு அக்கா நாலு வருஷம் ஓட்டிட்டா. ஸ்கூல்ல சேர்க்கறப்போதான் எடுத்தோம். 210. அக்கா எதுவும் பேசல, பேனா எடுத்து ஸ்கூல் டைரில பிளட் குரூப்புக்கு கீழ அலர்ஜின்னு இருந்த கட்டத்துல பெரிய எழுத்துல ஸ்கோலின்னு எழுதினா. அடுத்த வாரம் மிஸ் ஃபோன் பண்ணி, அது பிஸ்கட்டா மேடம், கேன்டீன்ல சொல்லி வைக்கணுமான்னு கேட்டாங்களாம்.