ஓடுவதும் ஓட்டுவதும் ஒரே சொல்லில்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று பள்ளியில் படித்தேன். ஆனால் செய்தித்தாள் வாசிக்கும்போது, ஓட்டமே இல்லாத இடங்களில்கூட அந்தச் சொல் வருகிறது. அகராதியைத் திறந்தால் பத்தி பத்தியாகப் பொருள் தந்திருக்கிறார்கள். இத்தனையையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம், முயன்றாலும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்திய பதிப்பு, ‘ரன்’ என்ற சொல்லுக்கு வினையாக மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அந்த ஒரு சொல்லைச் சீர்செய்து முடிக்க, அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் பிடித்தன. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் மிக நீண்ட இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அதை ‘ரன்’ முந்தியதில் எந்திரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கடிகாரம், ரயில், தொழிற்சாலை, கணினி நிரல் என்று புதிதாக எது இயங்கத் தொடங்கினாலும், அந்த இயக்கத்துக்கு ஆங்கிலம் இந்தச் சொல்லையே எடுத்துக் கொடுத்தது.

இப்படிப்பட்ட சொல் நமக்கும் புதிதல்ல. வண்டி ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனத்தில் ஏதோ ஓடுகிறது, பதற்றத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவற்றுள் எதற்கும் நாம் அகராதியைப் புரட்டியதில்லை. தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்று 496ஆம் குறள் சொல்லும்போது, சக்கரம் உருள்வதற்கும் கலம் மிதந்து செல்வதற்கும் ஒரே வினைதான் வருகிறது. அக்குறளில் உள்ள ‘கால்’ என்ற சொல்லும் சக்கரத்தையே குறிக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஓடுவதற்குக் கால்கள் தேவை என்ற எண்ணத்தைத் தமிழும் வெகு காலத்துக்கு முன்பே கடந்துவிட்டது தெரியும்.

அப்படியிருந்தும் ‘ரன்’ நம்மைத் தடுமாற வைப்பதற்கு எனக்குத் தெரிந்த முதன்மையான காரணம் ஒன்று உண்டு. தமிழில் தானே நிகழ்வதற்கு ‘ஓடு’ என்றும், ஒன்றை ஓடச் செய்வதற்கு ‘ஓட்டு’ என்றும் தன்வினையும் பிறவினையும் தனித்தனி வடிவத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரன்’ ஒன்றுதான். தொடக்கத்தில் அங்கும் இப்படி இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில், தானே ஓடுவதற்கும் வழிவதற்கும் ‘ரின்னன்’ என்றொரு வினையும், குதிரையை ஓட்டிச் செல்வது போன்றவற்றுக்கு ‘ஆர்னன்’ என்று அதற்கு உறவான வேறொரு வினையும் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. அதனால்தான் ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்ற வாக்கியத்தைப் பார்த்ததும், புதிதாகக் கற்பவர் ‘ஓடு’ என்பதைப் பிடித்துக்கொண்டு திகைத்து நிற்கிறார். அங்கே இருப்பது ‘ஓட்டு’, அதாவது ‘நடத்து’. அவர் ஒரு பள்ளியை நடத்துகிறார். குடும்பத்தை ஓட்டுவது, பொழுதை ஓட்டுவது என்று நாம் சொல்வதற்கு இது வெகு தொலைவில் இல்லை.

ஆகவே ‘ரன்’ வரும் வாக்கியத்தில், ஓடுவது எழுவாயா அல்லது எழுவாய் வேறொன்றை ஓட்டுகிறதா என்பதை முதலில் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும். அடுத்து, எழுவாயாக இருக்கும் பொருள் எத்தகையது என்று பாருங்கள். அது நீர்மமாக இருந்தால் அந்தப் பழைய ‘ரின்னன்’ உயிரோடு இருப்பதைக் காண்பீர்கள். ஜெர்மானிய மொழியில் இன்றைக்கும் ‘ரின்னன்’ என்றால் நீர் வழிவதுதான், மனிதர் ஓடுவதற்கு ‘ரென்னன்’ என்ற வேறு வினை இருக்கிறது. ஆங்கிலத்திலோ ஆறும் மூக்கும் கண்ணீரும் துணியின் சாயமும் எல்லாமே ‘ரன்’ ஆகின்றன. இந்த இடத்தில் தமிழ் மிகவும் நுட்பமானது. ஆறு பாய்கிறது, மூக்கு ஒழுகுகிறது, கண்ணீர் வழிகிறது, சாயம் போகிறது. மொழிபெயர்ப்பவர் இந்த நான்கையும் கைவிட்டு ‘ஓடு’ என்று எழுதினால், அது தமிழுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

எதுவுமே நகராத இடத்தில் ‘ரன்’ வருவதுதான் பலரையும் குழப்புகிறது. ஆற்றை ஒட்டிச் சாலை ‘ரன்ஸ்’ என்பார்கள். சாலை அசைவதில்லை, அதன் நீளத்தைத் தொடர்ந்து பார்ப்பவரின் கண்தான் போகிறது. சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியிருக்கிறது என்று நாம் சொல்லும்போது நடப்பதும் இதுதான். அந்த நீளத்தை இடத்திலிருந்து காலத்துக்கு மாற்றிவிட்டால், ஓர் ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு ‘ரன்ஸ்’ என்பதும் எளிதில் விளங்கும்.

கேள்வி: ‘ரன் ஓவர்’ என்பதற்கு ‘வண்டி ஏற்றிவிடுதல்’ என்று எழுதி வைத்திருந்தேன். அலுவலகத்தில் மேலாளர் ‘லெட் அஸ் ரன் ஓவர் தி அக்கவுண்ட்ஸ்’ என்றபோது ஒன்றும் புரியவில்லை. ஏன் இந்தக் குழப்பம்?

பதில்: நீங்கள் எழுதி வைத்திருந்தது தவறில்லை, முழுமையாக இல்லை, அவ்வளவுதான். ‘ஓவர்’ என்ற சிறு சொல்லுக்குள் குறைந்தது மூன்று காட்சிகள் இருக்கின்றன. ஒன்றின்மேல் ஏறிக் கடப்பது முதல் காட்சி. ஒரு லாரி எதையாவது ‘ரேன் ஓவர்’ என்றால், அது சக்கரத்தில் அடிபட்டது என்று பொருள். ஒரு பரப்பின்மேல் முழுதும் படர்ந்து செல்வது இரண்டாவது. உங்கள் மேலாளர் நினைத்தது இதைத்தான், கணக்கை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிடுவோம் என்றார். விளிம்பைத் தாண்டுவது மூன்றாவது காட்சி. தொட்டி ‘ரேன் ஓவர்’ என்றால் நீர் நிரம்பி வழிந்தது, கூட்டம் ‘ரேன் ஓவர்’ என்றால் குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டது.

இத்தகைய தொடர்களைத் தனித்தனியே பட்டியலிட்டுப் படிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ‘ரன் இன்டூ’ என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதி எதிரே ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டால், பழைய நண்பரைத் தற்செயலாகச் சந்திப்பதும், கார் மரத்தில் மோதுவதும், செலவு கோடிக்கணக்கில் போவதும் ஒன்றையொன்று மறைத்துவிடும். நண்பர், மரம், செலவு ஆகியவை இருக்கும் முழு வாக்கியங்களாக எழுதி வையுங்கள். பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்தான் பொருளை நினைவுக்குக் கொண்டுவரும்.

கேள்வி: கிரிக்கெட்டின் ‘ரன்’ புரிகிறது. வங்கியில் ‘ரன்’ என்று செய்திகளில் வருகிறதே, அது என்ன? தேர்தலிலும் ‘ரன்’ என்கிறார்களே?

பதில்: கிரிக்கெட்டிலேயே தொடங்குவோம், அங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. மட்டையாளர்கள் இருவரும் இடம் மாறி மறுமுனையை அடைந்தால் ஒரு ‘ரன்’. ஆனால் பந்து தரையைத் தொடாமல் எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டால், ஓர் அடிகூட எடுத்து வைக்காமலே 6 ‘ரன்’ கிடைக்கிறது. செயலின் பெயராக இருந்த சொல், எண்ணிக்கையின் அலகாக மாறி நிற்கிறது. பேஸ்பாலில் அதே சொல்லுக்கு அளவே வேறு, நான்கு தளங்களையும் சுற்றிவந்து தொட்டால்தான் ஒரு ‘ரன்’.

வங்கியில் ‘ரன்’ என்பது, வங்கி நொடித்துவிடும் என்ற அச்சத்தில், பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்ப எடுக்க விரைவது. வங்கி தன்னிடம் வரும் பணத்தில் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும், அத்தனை பேருக்கும் ஒரே நாளில் தர அதனிடம் ரொக்கம் இருக்காது. அதனால், நல்ல நிலையில் உள்ள வங்கிகூட அச்சத்தினாலேயே வீழ்ந்துவிடக்கூடும். அமெரிக்காவில் 1930களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. 1933 மார்ச்சில் அதிபர் ரூஸ்வெல்ட் நாடு முழுவதும் வங்கிகளுக்குச் சில நாள் விடுமுறை அறிவித்தார், வைப்புத்தொகைக்கான காப்பீட்டுச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. ‘வங்கி ஓட்டம்’ என்று இதை நேராக மொழிபெயர்த்தால் வாசகருக்கு எதுவும் விளங்காது. ‘பணத்தை எடுக்க வங்கியில் மக்கள் முண்டியடித்தனர்’ என்று எழுதுவதே சரி.

தேர்தலில் ‘ரன்’ என்பது அமெரிக்க வழக்கு, பிரிட்டனில் வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். நாமும் தேர்தலில் நிற்கிறோம் என்றுதானே சொல்கிறோம்! அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளரைக் குறிக்கும் ‘ரன்னிங் மேட்’ என்ற தொடர் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. முதன்மைக் குதிரைக்கு வேகம் அமைத்துக் கொடுப்பதற்காக, அதே லாயத்திலிருந்து உடன் ஓடவிடப்படும் குதிரைக்கு அந்தப் பெயர் இருந்தது.

கேள்வி: ‘வீ ஹேவ் ரேன் அவுட் ஆஃப் பேப்பர்’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். எங்கே தவறு?

பதில்: ‘ரேன்’ தனித்து நிற்கும் இறந்தகால வடிவம். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ ஆகியவற்றுக்குப் பின்னால் மீண்டும் ‘ரன்’ என்றே வர வேண்டும். ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்’ என்று எழுதுங்கள். காகிதம் தீர்ந்துவிட்டது என்ற பொருளில் நீங்கள் கையாண்ட தொடர் மிகச் சரியானது.