காத்மாண்டு கிளம்பும் முன் அடகுக் கடைக்கு ஒரு நடை

கேள்வி: வயது 31. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு வருடமாகக் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். கைக்கு வருவது மாதம் 34,000 ரூபாய். அம்மாவுக்கு 10,000 கொடுக்கிறேன். ஆதரவற்ற குழந்தைகளோடு கொஞ்ச காலம் இருந்து வேலை பார்க்க வேண்டும் என்பது நர்சிங் படித்த நாளிலிருந்து ஆசை. காத்மாண்டுவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆறு மாதம் தன்னார்வலராக இருக்க, ஒரு நிறுவனம் மூலம் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 1,85,000. தை முடிந்ததும், அதாவது இன்னும் ஐந்து மாதத்தில், கிளம்ப வேண்டும். சேமிப்பு 1,80,000 இருக்கிறது. அதைத் தொடாமல் பெர்சனல் லோன் எடுக்கலாமா, பி.எஃப்.பை எடுக்கலாமா? போவதற்கு முன் ஒரு யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) போட்டுவிட்டால் பணம் பத்திரமாக இருக்கும் என்கிறார் வங்கியில் ஒரு மேடம். தம்பி கடைக்காக என் நகை ஒன்பது சவரன் அடகில் இருக்கிறது, ஒன்றரை வட்டி. முதலில் 1,50,000 வாங்கினோம், இரண்டு வருடம் கழித்து 2,40,000 ஆக மாற்றி வைத்தோம், அதற்கும் இரண்டு வருடம் கழித்து, பத்து மாதம் முன்பு, 3,60,000. வட்டியை நான்தான் கட்டுகிறேன், அவன் அப்புறம் தருவான். கிளம்பும் முன் இன்னொரு தடவை மாற்றி வைத்துத் தரச் சொல்கிறான். இது பெரிய விஷயமில்லை, தகவலுக்காக எழுதினேன்.

– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: லோனா பி.எஃப்.பா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய விஷயமில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

முதலில் பேனாவை எடுத்து இதைக் கூட்டுங்கள். ஒன்றரை வட்டி என்றால் 1,50,000-க்கு மாதம் 2,250. இரண்டு வருடத்துக்கு 54,000. அடுத்த இரண்டு வருடம் மாதம் 3,600 வீதம் 86,400. கடைசி பத்து மாதம் மாதம் 5,400 வீதம் 54,000. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,95,000. காத்மாண்டு கட்டணத்தை விட 10,000 அதிகம். எதற்காகக் கடன் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்களோ, அந்தப் பணம் ஏற்கனவே உங்கள் கையில் இருந்தது. மாதாமாதம் ஜிபேயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது.

தம்பிக்கு உதவியதைக் குறை சொல்லவில்லை. முதல் தடவை கொடுத்தது உதவி. அதற்குப் பிறகு நடந்தது வேறு. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் "கிராமுக்கு இப்ப கூடத் தர்றாங்கக்கா" என்று ஒரு போன் வரும். அதே நகை, அதே கடை, பழைய ரசீதைக் கிழித்துப் புது ரசீது. கையில் வரும் வித்தியாசத் தொகையைப் பார்த்தால் சும்மா கிடைத்த பணம் போல இருக்கும். உங்கள் நகை விலை ஏறினால் அந்த லாபம் உங்களுக்குத்தானே சேர வேண்டும்? இங்கே ஒவ்வொரு ஏற்றமும் உங்கள் பெயரில் கடனாக மாறிக்கொண்டிருக்கிறது. இந்த மாற்றி வைக்கும் பழக்கம் நிற்காமல் நீங்கள் காத்மாண்டு போனாலும் சரி, கன்னியாகுமரி போனாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

அரசு வங்கிக்கு மாற்றினால் வட்டி பாதியாகக் குறையுமே என்று யாராவது சொல்வார்கள். குறையும். ஆனால் அங்கேயும் அடுத்த வருடம் கிராமுக்குக் கூடத் தருவார்கள், தம்பியும் போன் செய்வார்.

நகை உங்கள் பெயரில் இருக்கிறது, ரசீதில் உங்கள் கையெழுத்து, உங்கள் செல் நம்பர். நீங்கள் ஊரில் இல்லாத ஆறு மாதம் வட்டி தவறினால் குறுஞ்செய்தி உங்கள் மதுரை நம்பருக்கு வரும், அந்த சிம் காத்மாண்டுவில் பைக்குள் கிடக்கும். நோட்டீஸ் வீட்டுக்கு வரும். மஸ்கட்டில் வேலை பார்த்த ஒருவர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். அவர் மனைவியின் ஆறு சவரன் ஏலத்தில் போயிருந்தது. ஏல நோட்டீஸ் வீட்டிலேயேதான் இருந்தது, டி.வி.க்குக் கீழே, கரண்ட் பில் அட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டு. மறைத்து வைக்கவில்லை, "அண்ணன் வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தோம்" என்றார்களாம்.

இப்போது நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தின் கணக்கு. 1,85,000 பெர்சனல் லோன், மூன்று வருடம், 14 சதவீதம் என்று வைத்தால் தவணை சுமார் 6,300. நகை வட்டி 5,400. அம்மாவுக்கு 10,000. சம்பளம் பூஜ்யம். மாதம் 21,700 வெளியே போகும், ஆறு மாதத்துக்கு 1,30,000. திரும்பி வரும்போது சேமிப்பில் 50,000 இருக்கும், லோன் பெரும்பகுதி பாக்கி இருக்கும், நகை அங்கேயே இருக்கும். அங்கே ஒரு டீ கூடக் குடிக்காமல் போட்ட கணக்கு இது.

இதற்குப் பதிலாக நான் சொல்வது உங்கள் அம்மாவுக்குப் பிடிக்காது. நகையில் கொஞ்சத்தை விற்றுவிடுங்கள். கல்யாணத்துக்கு வைத்தது என்பார். கல்யாணத்துக்கு வைத்த நகை நாலு வருடத்துக்கு மேலாக ஃபைனான்ஸ் கம்பெனி லாக்கரில் இருக்கிறது என்பதை மெதுவாகச் சொல்லுங்கள்.

தங்கம் விலை நான் எழுதும் நாளுக்கும் நீங்கள் படிக்கும் நாளுக்கும் மாறிவிடும். கிராம் 9,000 என்று வசதிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். 40 கிராம், அதாவது ஐந்து சவரன் விற்றால் 3,60,000. கடன் தீர்ந்து நாலு சவரன் மிஞ்சும். பழைய நகைக்குக் கல், அழுக்கு என்று கழிப்பார்கள், அதற்கு ஒரு பத்தாயிரம் போகட்டும். அடகில் இருப்பதை எப்படி விற்பது என்றால், ரசீதைப் பாருங்கள், ஒரே சீட்டா, இரண்டு மூன்று சீட்டா என்று. மூன்று சீட்டு, ஒவ்வொன்றும் மூன்று சவரன், 1,20,000 கடன் என்றால் வேலை எளிது. சேமிப்பிலிருந்து 1,20,000 எடுத்து முதல் சீட்டை மீளுங்கள். அதை விற்றால் ஏறக்குறைய 2,10,000. அதில் இரண்டாவது சீட்டை மீட்டு, அதில் இரண்டு சவரனை விற்று, மூன்றாவதையும் மீட்டுவிடலாம். கடைசியில் சேமிப்புக்கு 1,10,000 திரும்பி வந்துவிடும். ஒரே சீட்டாக இருந்தால், ஒரு பகுதி கட்டி ஒரு பகுதி நகையை எடுக்க விடுவார்களா என்று கேளுங்கள்; சில இடங்களில் விடுகிறார்கள்.

நகை விற்ற லாபத்துக்கு வரி உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருந்த நகை என்றால் 12.5 சதவீதம். அம்மா வாங்கிய விலையைக் கழித்த பிறகுதான் லாபம். வாங்கிய விலையைக் கழிக்காமல் பார்த்தாலும் 45,000 ரூபாயைச் சுற்றித்தான் நிற்கும், கழித்தால் இன்னும் குறையும். பெரிய தொகையாகத் தெரிந்தால், நீங்கள் இப்போது கட்டும் வட்டியில் அது எட்டு மாதம்தான் என்று பாருங்கள். ஆடிட்டர் ஒருவரிடம் காட்டி, அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

தம்பிக்குக் கடை நடத்தப் பணம் வேண்டும் என்றால் அவர் பெயரிலேயே வங்கியில் முத்ரா கடன் (சிறு தொழிலுக்கான அரசுத் திட்டம்) கேட்கட்டும். 50,000 வரை சிசு என்ற பிரிவு, 5 லட்சம் வரை கிஷோர். அடமானம் தேவையில்லை. வங்கி மேனேஜர் கடைக் கணக்கைக் கேட்பார், இத்தனை வருடத்தில் நீங்கள் ஒருநாளும் கேட்காததை. நீங்கள் ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டாம். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. கொடுத்த 3,60,000-ஐ வரவேண்டிய பணம் என்று எந்த நோட்டிலும் எழுதி வைக்காதீர்கள். வந்தால் சந்தோஷம்.

யூலிப் பற்றி ஒரே வரி. ஆறு மாதம் சம்பளமே இல்லாமல் இருக்கப் போகிறவர் தலையில், வருடா வருடம் கட்ட வேண்டிய, ஐந்து வருடம் எடுக்க முடியாத ஒன்றை ஏற்றுகிறார் அந்த மேடம். அவருக்கு டார்கெட் இருக்கும். பி.எஃப்.பைத் தொடாதீர்கள், வேலையை விட்டாலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அதைவிட, வேலையை விடாமல் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனை கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும், அதற்கு முன் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள்.

சரி, அந்த 1,85,000. குழந்தைகள் நலம் என் துறையில்லை. பணம் எங்கே போகிறது என்பது என் துறை. இந்தியருக்கு நேபாளம் போக விசா கட்டணம் கிடையாது. நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய், நிலையான விகிதம். தங்க, சாப்பிட மாதம் 20,000 நம் ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 1,20,000. மீதி 65,000 எதற்கு? எழுத்தில் பிரித்துத் தரச் சொல்லுங்கள். "குழந்தைகளுக்கான நன்கொடை" என்று ஒரு வரி வந்தால் இல்லத்தின் தணிக்கைக் கணக்கைக் கேளுங்கள்.

கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, வடமேற்கு மூலையில் திபெத் எல்லையை ஒட்டிய ஹும்லா மாவட்டக் கிராமங்களுக்குத் தரகர்கள் போனார்கள். பிள்ளையைக் காத்மாண்டுவில் படிக்க வைக்கிறோம், மாவோயிஸ்டுகள் கையில் சிக்காது என்று சொல்லிப் பெற்றோரிடம் பணத்தையும் வாங்கிக்கொண்டு குழந்தைகளைக் கூட்டி வந்தார்கள். பொய்க் காகிதத்தில் அவர்கள் அனாதைகள் ஆனார்கள். நன்கொடை தரும் வெளிநாட்டவரிடம் காட்டுவதற்கு. போர் முடிந்தும் தொழில் முடியவில்லை. இன்றைக்கும் அந்நாட்டு இல்லங்களில் பெரும்பாலானவை சுற்றுலாப் பயணிகள் வரும் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், போக்ரா இருக்கும் காஸ்கி ஆகிய ஐந்து மாவட்டங்களில்தான். இல்லங்களில் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். 2015 பூகம்பத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக அரசு தடை போட வேண்டியிருந்தது. உங்கள் இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. கட்டணம் கொடுக்கும் ஆள் வரிசையில் நின்றால் குழந்தைகளும் வரிசையில் நிறுத்தப்படுவார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் வார்டில் புதிதாக வரும் குழந்தை என்ன செய்யும்? அம்மா முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொள்ளும், ஊசியைப் பார்க்குமுன் உங்கள் யூனிஃபார்மைப் பார்த்தே அழும். முன்பின் தெரியாதவர் வந்த நிமிடமே அவர் காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்களா, கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்ப்பீர்களா? மூன்று மாதத்துக்கு ஒருவர், ஆறு மாதத்துக்கு ஒருவர் என்று வந்து போய்க்கொண்டிருந்தால் அந்தக் குழந்தைகள் அப்படித்தான் ஆகின்றன.

எட்டு வருடம் குழந்தைகள் வார்டில் இருந்த நர்ஸ் வேலை செய்வதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஜெர்மனியின் பான் நகரில் தலைமையகம் உள்ள ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு, தான் அனுப்புகிறவர்களுக்கு மாதப்படியும் காப்பீடும் தருகிறது. அனுபவமுள்ள தொழில்முறைத் தன்னார்வலர்களை எடுக்கும் வி.எஸ்.ஓ. (வாலண்டரி சர்வீஸ் ஓவர்சீஸ்) என்ற பிரிட்டன் அமைப்பும் செலவுக்குத் தருகிறது. விண்ணப்பித்தவுடன் கிடைக்காது, ஒரு வருடம் ஆகலாம், தேர்வாகாமலும் போகலாம். நேபாளத்துக்கே போவதென்றால், இல்லத்தில் விளையாட்டுக் காட்டுவதற்குப் பதில் அங்குள்ள நர்சுகளுக்குப் பயிற்சி தரும் இடமாகத் தேடுங்கள். நோயாளியைத் தொட்டு வேலை செய்ய அங்குள்ள நர்சிங் கவுன்சில் என்ன கேட்கிறது என்பதையும் முன்பே விசாரியுங்கள். உங்களிடம் இது எதையும் கேட்காமல் கட்டணத்தை மட்டும் கேட்கும் நிறுவனத்துக்கு நர்ஸ் தேவையில்லை.

தையில் போகாமல் அடுத்த தைக்குப் போனால் என்ன? நகை வட்டி நின்றால் வருடத்துக்கு 65,000 மிச்சம். அம்மாவுக்கு ஆறு மாதப் பணம் அதிலேயே வந்துவிடும், சேமிப்பு உங்கள் செலவுக்கு இருக்கும். முன்பணம் எதுவும் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள், இன்னும் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம்.

தம்பி இந்த வாரமும் போன் செய்வார் என்று நினைக்கிறேன். அதற்குள் ரசீதுகளை எடுத்து எத்தனை சீட்டு என்று பார்த்து வையுங்கள். அடுத்த வட்டித் தேதிக்கு முன் ஒரு சீட்டை மீட்டுவிட்டால் அந்த மாதமே 1,800 ரூபாய் உங்களிடம் நிற்கும்.